அருவிக் காவலன்: மேம்படுத்தப்பட்ட பதிப்பு

நான் பயந்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பழுப்பு உறையைப் பார்த்தால் இரண்டடி தள்ளி நிற்பேன். அதில் முத்திரை இருந்தால் தண்ணீர் குடிக்க வேண்டும். உள்ளே 'தவறாது' என்ற சொல் இருந்தால் உட்கார வேண்டும். ஜூன் மாதம் எனக்கு வந்த உறையில் மூன்றும் இருந்தன. 'தவறாது' மட்டும் இரண்டு இடத்தில் இருந்தது.

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற எனக்கு, என் சொந்த விண்ணப்பம் ஒன்று நான்கு மாதமாக நகராமல் கிடந்தது. மையத்தின் லைசென்ஸைப் புதுப்பிக்கிற விண்ணப்பம். ஜூலை முடிவதற்குள் வராவிட்டால் கடையைப் பூட்ட வேண்டும். எனக்கு வேறு தொழில் தெரியாது. கோப்பு யாரிடம் இருக்கிறது என்று விசாரித்ததில், உமாசங்கர் என்ற அதிகாரி அதைக் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார் என்றார்கள். உறையைப் பிரித்தேன். கடிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டிருந்தவர் உமாசங்கர்.

ஆனால் கடிதம் லைசென்ஸைப் பற்றியது அல்ல. ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றியது. "'அருவிக் காவலன்' என்னும் மின்விளையாட்டைத் தாங்கள் 2005ஆம் ஆண்டில் கடைசிக் கட்டம்வரை ஆடி முடித்ததாக வாரியத்துக்குத் தெரியவருகிறது" என்று தொடங்கியது. ஆடியிருக்கக் கூடாதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

என் மனைவி ஷெர்லின் கடிதத்தை வாங்கிப் படித்தாள். "ஏங்க, இதுல பயப்பட என்ன இருக்கு? விளையாட்டு பாக்கத்தான கூப்புடுதாவ" என்றாள்.

"மண்டல மின்விளையாட்டு மரபு மேம்பாட்டு வாரியம்னு போட்டிருக்குட்டி. பேரே நாலு வார்த்த தாண்டிப் போவுது. சும்மா கூப்புடுவாவளா?"

விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபது வருடத்துக்கு முன்னால் நான் படித்த கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திய செல்லப்பா அண்ணாச்சி தனியாக உட்கார்ந்து செய்தது அது. அதில் நீங்கள்தான் குற்றாலத்து அருவிக் காவல்காரர். உங்களுக்குக் கண், காது, குரல் என்று மூன்று திறமைகள். நாள் போகப் போக அவற்றை வளர்த்துக்கொள்ள வேண்டும். குளிக்க வருகிற ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு, ஊர் உண்டு, பேசினால் கதை சொல்வார்கள். அருவி என்பது வெறும் வெள்ளைக் கோடுகள். திடீரென்று அந்தக் கோடுகளுக்குள் ஒரு பழுப்புப் புள்ளி விழும். மலைமேல் மழை பெய்து சருகும் மண்ணும் வருகிறது என்று அர்த்தம். ஏழு விநாடிக்குள் அபாயச் சங்கை ஊதி எல்லோரையும் கரையேற்ற வேண்டும். ஊதாவிட்டால் வெள்ளம் வரும். பிறகு திரை கறுத்து, வெள்ளத்தில் போனவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். கொஞ்சம் முன்னால் உங்களிடம் கதை சொன்னவர்களின் பெயர்கள். மூன்று மாதம் ஆடி முடித்தேன். அந்த மூன்று மாதமும் எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. இந்தப் பக்கத்துப் பையன்கள் எல்லோரும் அதை ஆடினார்கள். கடைசிவரை போனவன் நான் ஒருவன்தான் என்று சென்டரின் பதிவேட்டில் இருந்ததாம்.

அதைத்தான் வாரியம் புதுப்பித்திருந்தது. மூலத்தை முடித்த ஒருவர் புதியதை ஆடிப்பார்த்து, மறு ஆக்கம் வெற்றியா என்று ஒப்பீட்டுச் சான்று தர வேண்டும் என்பது விதி. செல்லப்பா அண்ணாச்சி இப்போது மஸ்கட்டில். வாரியம் அழைத்தபோது, "நான் பாக்க மாட்டேன்" என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டாராம். அந்த வரி 'படைப்பாளர் ஆட்சேபம் ஏதுமில்லை' என்று கோப்பில் ஏறிவிட்டது.

குறித்த நாளில் காலை ஒன்பது மணிக்குக் குற்றாலத்தில் இருந்த வாரிய விருந்தினர் இல்லத்துக்குப் போனேன். ஐந்தருவிக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு ஓடையை ஒட்டிக் கட்டியிருந்தார்கள். ஓடையைத் திருப்பி, பாறையின் மேல் விழவைத்து, வாரியத்துக்கென்று சொந்தமாக ஒரு அருவி. சாரல் நின்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அருவிக்கரையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, தலைவரும் எட்டு உறுப்பினர்களும் இடுப்பில் துண்டோடு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வுக் கூட்டம் எப்போதும் சீசனில்தான் வைப்பார்களாம்.

தலைவர் ஆவுடைநாயகம் தலையிலிருந்து எண்ணெய் வழிய என்னைப் பார்த்து எழுந்து நின்றார். எழுந்து நின்றால் பேச்சு வரும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"நீங்கள்தான் அந்தச் சாட்சியா? நல்லது. ஒன்றை மனதில் வையுங்கள். பழைய விளையாட்டில் ஒரு பெருங்குறை. அதில் ஆடுகிறவன் தோற்றுப்போகலாம். இது மக்கள் நல அமைப்பு. எங்கள் விளையாட்டில் ஒரு குடிமகன்கூடத் தோற்க முடியாது. அதற்காகப் பதினான்கு துணைக்குழு போட்டோம்."

"சரிங்கய்யா" என்றேன். துண்டோடு இருந்தாலும் தலைவர் தலைவர்தானே.

மாடி மண்டபத்துக்கு உமாசங்கர் அழைத்துப் போனார். அங்கே சுவரளவு திரையும் புதிய கம்ப்யூட்டரும் இருந்தன. பக்கத்து மேஜையில், ஒப்பிடுவதற்காகச் செல்லப்பா அண்ணாச்சியின் பழைய கம்ப்யூட்டரில் மூல ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. தோட்டத்தில் வெளியீட்டு விழாவுக்காக நிறுத்தியிருந்த நான்கு ஆளுயர ஸ்பீக்கர்களுக்குப் புதிய கம்ப்யூட்டரிலிருந்து ஒயர் போயிருந்தது. ஓரத்தில் ஸ்டூல் போட்டு, ஓய்வு பெற ஏழு மாதமே இருந்த அலுவலக உதவியாளர் பாண்டி அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார்.

உமாசங்கர் ஒரு படிவத்தை என்முன் வைத்தார். அதில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் 'வெற்றி'. இன்னொன்றில் 'மாபெரும் வெற்றி'.

"தோல்விங்கிற கட்டம் இல்லியே சார்" என்றேன். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது.

"இருந்துச்சு. அச்சகத்துல இடம் பத்தலைன்னாங்க" என்றார். பிறகு தணிந்த குரலில், "உங்க லைசென்ஸ் ஃபைல் எம் மேஜைலதான் இருக்கு பெஞ்சமின். நிதானமா ஆடுங்க" என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஆட்டம் தொடங்கியது. முதல் பதினோரு நிமிடம் வாழ்த்துரை. அடுத்து ஒரு குத்துவிளக்கு. ஐந்து திரியையும் பதவி வரிசைப்படி ஐந்து பிரமுகர்களைக்கொண்டு ஏற்றவைக்க வேண்டும். வரிசை தவறினால் வாழ்த்துரை மறுபடி முதலிலிருந்து வரும். எனக்கு இரண்டு முறை வந்தது. காவல்காரருக்குக் கண், காது, குரல் என்ற திறமைகள் இல்லை. அவற்றுக்குப் பதிலாகப் பணிவு, பொறுமை, கோப்பறிவு. கோப்பறிவு எட்டைத் தொட்டால்தான் அருவியைத் திரும்பிப் பார்க்கவே முடியும். பழைய ஆட்டத்தில் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் குரங்கு இதிலும் இருந்தது. அதை விரட்டுவதற்குத் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். சான்று வாங்கிவந்தபோது குரங்கு இடமாறுதலில் போயிருந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்து அருவியைக் காட்டினார்கள். பார்த்ததும் வாயடைத்துப் போனேன், அதை மறைக்க மாட்டேன். நாற்பது லட்சம் துளிகளைத் தனித்தனியாக வரைந்திருக்கிறார்களாம். ஒவ்வொரு துளியிலும் வெயில் பட்டது. கண்ணைப் பறிக்கிற அழகு.

"இதுல பழுப்புப் புள்ளி எப்ப சார் விழும்?"

"விழாது. குற்றாலத் தண்ணிய அழுக்காக் காட்டுனா மாவட்டத்துக்குக் கேவலம்னு மூணாவது துணைக்குழு எடுத்துட்டாங்க."

"அப்ப வெள்ளம் வருதுன்னு எப்படித் தெரியும்?"

"சுற்றறிக்கை வரும்."

வந்தது. 'வெள்ளம் வர வாய்ப்புள்ளதாக அறியப்படுகிறது' என்று ஒரு தாள் திரையில் விரிந்தது. நான் பழைய பழக்கத்தில் சங்கை அழுத்தினேன். சங்கு ஊதுவதற்கான விண்ணப்பம் திறந்தது. மூன்று மேலொப்பம் வேண்டும். இரண்டாவது அதிகாரி விடுப்பில் இருந்தார். மூன்றும் முடிந்து ஊதியபோது சங்கு கேட்கவில்லை, மெல்லிய வீணை கேட்டது. சங்கொலி மக்களைப் பீதிக்குள்ளாக்கும் என்று ஒன்பதாவது துணைக்குழு கருதியதாம். அதற்குள் திரையில் வெள்ளம் வந்து போய்விட்டிருந்தது. கரையில் ஒரு ஆள் இல்லை. பெயர்கள் வரப்போகின்றன என்று காத்திருந்தேன். பொன்னெழுத்தில் ஒரே ஒரு வரி வந்தது. 'பயணிகள் அறுபத்திரண்டு பேரும் மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினர்.'

"இவங்க தண்ணில போய்ட்டாங்க சார்" என்றேன்.

"வீட்டுக்குப் போய்ட்டாங்க."

"எந்த வீட்டுக்கு சார்?"

"அது இரண்டாம் பாகத்துல வரும்" என்று சொல்லிவிட்டு உமாசங்கர் சட்டையைக் கழற்றினார். அவருக்கும் குளிக்க வேண்டியிருந்தது. "படிவத்த நிரப்பி வைங்க. வந்து வாங்கிக்கிடுதேன்."

பழைய ஆட்டம் என்னைப் பயமுறுத்தியது உண்மை. ஆனால் அந்தப் பொன்னெழுத்து வரியைப் பார்த்தபோது வந்த பயம் வேறு மாதிரி. அது எனக்குப் பிடிக்கவில்லை. படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். லைசென்ஸ் வேண்டுமென்றால் ஒரு கட்டத்தில் டிக் அடித்தாக வேண்டும். கீழே ஒன்பது துண்டுகளோடு பத்தாவதாக உமாசங்கரும் அருவிக்குள் நுழைந்தார். வெயில் அடித்தது. அருவியின் இடது ஓரத்தில் தண்ணீரின் நிறம் கொஞ்சம் மாறியிருந்தது.

முதலில் என் கண்ணை நம்பவில்லை. அடுத்து ஒரு கை சருகு வந்து விழுந்தது. அதன் பின்னால் சுள்ளி. தண்ணீரின் சத்தம் கனத்தது. மலை உச்சியைப் பார்த்தேன். அங்கே மேகம் கறுத்து இறங்கியிருந்தது.

"பாண்டியண்ணாச்சி, வெள்ளம் வருது. எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க."

அவரும் எழுந்து வந்து பார்த்தார். "தலைவர் குளிக்கும்போது காவலருகூடப் பக்கத்துல போகக் கூடாதுன்னு நிலையாணை இருக்கு தம்பி. எனக்கு இன்னும் ஏழு மாசம்தான் சர்வீசு."

"அப்ப போன் போடுங்க."

"போட்டா இங்கனதான் அடிக்கும்" என்று கையிலிருந்த பிளாஸ்டிக் பையைக் காட்டினார். உள்ளே பத்து போன்களும் ஆறு கண்ணாடிகளும் இருந்தன.

ஜன்னலில் நின்று கத்தினேன். அருவிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. தலைவர் என்னைப் பார்த்து உற்சாகமாகக் கையசைத்தார். இறங்கி ஓடலாம் என்றால், படியும் தோட்டமும் தாண்டிப் போக இரண்டு நிமிடமாவது ஆகும். பாண்டி அண்ணாச்சிதான் சொன்னார், "தம்பி, விளையாட்டுல சங்கு இருக்குல்லா? ஒயரு ஸ்பீக்கருக்குத்தான போயிருக்கு, ஊதுங்க."

புதிய கம்ப்யூட்டரில் சங்கை அழுத்தினேன். விண்ணப்பம் திறந்தது. விண்ணப்பதாரர் பெயர் கேட்டது, அடித்தேன். தகப்பனார் பெயர் கேட்டது, அதையும் அடித்தேன். பணியில் சேர்ந்த நாள் கேட்டது. கீழே தண்ணீர் செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டது. சரியாகச் சொன்னால், அப்போதும் நான் அந்த விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டுதான் இருந்தேன். பதினெட்டு வருடமாக விண்ணப்பம் நிரப்பிய பழக்கம். பணியில் சேர்ந்த நாளுக்கு என்ன போடுவது என்று பாண்டி அண்ணாச்சியிடம் யோசனை வேறு கேட்டேன். அவர் என் பிடரியில் ஓங்கி ஒன்று வைத்தார்.

அந்த அடியில்தான் புத்தி வந்தது. ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிப் பழைய கம்ப்யூட்டரில் சொருகினேன். வெள்ளைக் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. கீபோர்டில் இருந்த பெரிய பட்டனை அமுக்கினேன். இலத்தூர் அரிசி ஆலைச் சங்கைச் செல்லப்பா அண்ணாச்சி டேப்பில் பிடித்துவைத்தது, காதைக் கிழிக்கிற கரகரப்போடு நான்கு ஸ்பீக்கரிலும் அலறியது. பத்துப் பேரும் நின்ற இடத்திலிருந்து துள்ளினார்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அந்தச் சத்தத்துக்குக் கேட்கத் தோன்றாது, ஓடத்தான் தோன்றும். ஓடினார்கள். கடைசி ஆள் மேட்டில் ஏறி முடித்தபோது தண்ணீர் வந்தது. நாற்காலிகளும் எண்ணெய்க் கிண்ணங்களும் இரண்டு துண்டுகளும் சுழன்றபடி ஓடையோடு போயின. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கால் மணி நேரத்தில் அனைவரும் மண்டபத்துக்கு வந்தார்கள். துண்டு இழந்தவர்களுக்குப் பாண்டி அண்ணாச்சி மேஜை விரிப்பைக் கொடுத்தார். தலைவர் நடுங்கிக்கொண்டே எழுந்து நின்றார்.

"உறுப்பினர்களே, நமது மறு ஆக்கம் வெற்றியா என்று கேட்டார்கள். இதோ பத்து உயிர்கள் பதில் சொல்கின்றன. முதல் நாளிலேயே நமது விளையாட்டு நம்மைக் காப்பாற்றியிருக்கிறது. எந்த விளையாட்டாவது இப்படித் தன் தலைவரைக் காப்பாற்றியதுண்டா?"

கை தட்டினார்கள். நான் எழுந்தேன். "ஐயா, ஊதுனது புதுசு இல்லங்கய்யா. பழசு. புதுசுல விண்ணப்பம்..."

உமாசங்கர் என் தோளைத் தொட்டார். தலையில் சருகு ஒட்டியிருந்தது. "எதுல ஊதுனா என்ன பெஞ்சமின்? ஸ்பீக்கர் நம்மளுதுதான. ஃபைல நாளைக்கே அனுப்பிருதேன்" என்றார். என் கையில் பேனாவை வைத்தார்.

கண்முன் பத்துப் பேர் சாக இருந்ததைப் பார்த்தவன் நான். அந்தப் புது விளையாட்டு எதற்கும் உதவாது என்று அந்த மண்டபத்தில் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவருக்கு ஏழு மாத சர்வீஸ் பாக்கி. இன்னொருவனுக்கு லைசென்ஸ். 'மாபெரும் வெற்றி' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். மூலம் இனித் தேவையில்லை என்று தீர்மானம் போட்டுப் பழைய கம்ப்யூட்டரை அன்றே பழைய இரும்புக்கு ஏற்றினார்கள்.

லைசென்ஸ் சொன்னபடி மறுநாளே வந்தது. சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டினேன். ஷெர்லின் நெய்ச்சோறு செய்தாள். பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் நிம்மதியாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம், என் மகள் ஷாரோன் படிக்கிற பள்ளியின் ஆசிரியை மெஹர் பானு கடைக்கு வந்தார். கையில் ஒரு கட்டுப் பெற்றோர் சம்மதத் தாள். சனிக்கிழமை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போகிறார்கள், கூட்டமில்லாத இடமாக வாரியத்து அருவியைப் பிடித்திருக்கிறார்கள் என்றார்.

"நூத்தி நாப்பது பிள்ளைங்க சார். நூத்தி முப்பத்தொம்பது பெத்தவங்க கையெழுத்து போட்டாச்சு. உங்களுது மட்டும்தான் பாக்கி. ஷாரோன் குடுக்க மறந்துட்டா போல."

அவள் மறக்கவில்லை. தாள் மூன்று நாளாக என் மேஜை டிராயரில் இருந்தது. எடுத்து மேஜைமேல் வைத்தேன். அதன் அடியில் இப்படி அச்சிட்டிருந்தது: 'அருவியில் இருந்த காவலர் பணியிடம் ரத்து செய்யப்பட்டு, எச்சரிக்கைப் பணி முழுவதும் அருவிக் காவலன் மேம்படுத்தப்பட்ட பதிப்பிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. இதன் பாதுகாப்புத் திறனை நேரில் ஆய்ந்து சான்றளித்தவர்: திரு. பெஞ்சமின், தென்காசி.'

"முதல்ல ரெண்டு மூணு பேரு யோசிச்சாங்க சார்" என்றார் மெஹர் பானு. "அப்புறம் உங்க பேரப் பாத்துட்டுத்தான் போட்டாங்க. நம்ம இ-சேவை பெஞ்சமின் அண்ணாச்சி, பயந்த மனுசன், சும்மா கையெழுத்து போட மாட்டாருன்னு சொன்னாங்க."

"நான் இதுல போடல டீச்சர்" என்றேன்.

"இங்கதான் சார் போடணும்" என்று ஷாரோனின் பெயர் இருந்த இடத்தைக் காட்டினார்.

"என் பிள்ளைய நான் அனுப்பல."

அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு புரிந்தது. கையிலிருந்த கட்டை மெதுவாக மேஜைமேல் வைத்தார். "அப்ப மத்த பிள்ளைங்க?" என்றார்.

தலைக்கு நேர் மேலே லைசென்ஸ் தொங்கியது. இந்த வாயைத் திறந்தால் அது இறங்கிவிடும், கடையும் கூடவே போகும், உமாசங்கர் இரண்டு நாள்கூடக் காத்திருக்க மாட்டார். எல்லாம் தெரிந்தது. அதைவிட, அந்த அருவிக்கடியில் நூற்று முப்பத்தொன்பது பிள்ளைகள் நிற்பதும் எங்கோ வீணை வாசிப்பதும் தெரிந்தது.

"அது சங்கு ஊதாது டீச்சர்" என்றேன். "விண்ணப்பம் கேக்கும். லைசென்ஸுக்காகப் பொய்யாக் கையெழுத்து போட்டேன்."

மெஹர் பானு என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "எங்கிட்ட வாயால சொன்னாப் பத்தாது சார். எழுதித் தாங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒண்ணு" என்றார்.

கம்ப்யூட்டரில் அடித்தேன். இத்தனை வருடத்தில் நான் அடித்ததிலேயே சின்ன விண்ணப்பம் அதுதான். 'மறு ஆக்கம் தோல்வி. வெள்ளம் வந்தால் அது சொல்லாது. நான் தந்த சான்று பொய். பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.' நூற்று முப்பத்தொன்பது நகல் எடுத்தேன். வாரியத்துக்கு ஒன்று சேர்த்து நூற்று நாற்பதாக்கினேன். அச்சுக் கையெழுத்து வேண்டாம், பேனாவால் போடுங்கள் என்று அவர் எதிரில் உட்கார்ந்துகொண்டார். போட்டேன். ஒரு கையெழுத்துகூட இன்னொன்றைப் போல வரவில்லை.